துடைப்பக்கட்டைத் துப்பாக்கி பிறந்த ஊர்

அந்த ஊருக்கு நான் போனதே ஒரு வழக்கை விசாரிக்கத்தான். வாதி என் அக்காள் மகள். பிரதிவாதி அவளுடைய கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை. நீதிபதி நான். இடம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த வைப்ளிங்கன் என்னும் சிற்றூர். வருஷம் 2017, மே மாதம்.

மாப்பிள்ளை தங்கமானவர். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சம்பளம் முழுசாக வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒரு சினிமாப் பார்க்க முடியாது. கதாநாயகன் கையில் துப்பாக்கி முளைத்ததோ இல்லையோ, படம் நின்றுவிடும். "பார்த்தீர்களா சித்தி, இது வால்தர் பி-38. குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். அந்த வில்லன் கையில் இருப்பது லூகர். சுடும்போது முதுகில் முழங்கை மடங்குகிற மாதிரி ஒன்று எழும்பும்" என்று ஆரம்பித்துவிடுவார். கதாநாயகி அழுதுகொண்டே இருப்பாள். அவளைக் கவனிப்பார் இல்லை. என் அக்காள் மகள் இரண்டு தடவை எழுந்து போய்ச் சாம்பாரைக் கிண்டிவிட்டு வந்துவிடுவாள். அப்போதும் வில்லன் துப்பாக்கியை நீட்டியபடியேதான் நின்றுகொண்டிருப்பான்.

இதுவரை வழக்கு இல்லை. படத்தில் வரும் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவற்றில் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைக்க வேண்டும் என்ற ஆசை வந்ததே, அங்கேதான் வினை. புதுத் துப்பாக்கி அல்ல. இரண்டு உலக யுத்தங்களில் பட்டாளத்துக்காரர்கள் வைத்திருந்து, யுத்தம் முடிந்ததும் மிஞ்சிப்போனவை என்று அரசாங்கங்கள் விற்றுத் தீர்த்த பழைய கைத்துப்பாக்கிகள். தபால் தலை சேகரிப்பவர்கள் போல, பழைய நாணயம் சேகரிப்பவர்கள் போல, இவற்றைச் சேகரிப்பதற்கென்றே அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஜெர்மன் பெரியவர் அப்படிப்பட்டவர். அவரோடு பழகிய தோஷம்!

"வீட்டிலே ஏழு வயசுப் பிள்ளை இருக்கிறான், சித்தி" என்றாள் என் அக்காள் மகள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக ரயில் பாதையைக் காட்டினாள். அந்தப் பாதையில் மூன்றாவது ஸ்டேஷன் வின்னெண்டன். 2009 மார்ச் 11-ஆம் தேதி பதினேழு வயசுப் பையன் ஒருவன், தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே துப்பாக்கியோடு போய், அங்கும் பிறகு வெளியிலுமாகப் பதினைந்து பேரைக் கொன்றான். பெரும்பாலோர் பெண் குழந்தைகளும் ஆசிரியைகளும். பையனின் தகப்பனார் துப்பாக்கி சுடும் கிளப்பில் அங்கத்தினர். அவருடைய மற்றத் துப்பாக்கிகளெல்லாம் பெட்டகத்தில் பூட்டிப் பத்திரமாக இருந்தன. ஒன்று மட்டும் படுக்கை அறையில் இருந்தது. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

"நான் பூட்டித்தானே வைக்கப்போகிறேன்? தோட்டாவே வாங்கப்போவதில்லையே!" என்றார் மாப்பிள்ளை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் என் மனம் மாப்பிள்ளை பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்க்கிற பைத்தியம். கொட்டகை வாசலில் காலணா, அரையணாவுக்கு விற்பார்களே, அந்தப் புத்தகங்கள். பரணில் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். "தூசி, தூசி" என்று நான் பாடாத நாள் கிடையாது. அவர் காலமான மறு வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, மூன்று பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். முந்நூற்றுச் சில்லறை ரூபாய் கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று வரையில் அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்பதும் ஞாபகம் இல்லை. ஆகவே ஒரு மனிதர் எதையோ ஆசையாகச் சேர்க்கிறார் என்றால், "குப்பை" என்று சொல்ல என் நாக்கு இப்போது கூசுகிறது.

"முதலில் அந்தப் பெரியவரையும் அவருடைய பொக்கிஷத்தையும் பார்க்கிறேன், பிறகு தீர்ப்பு" என்று வாய்தா போட்டேன். பெரியவரோ, "என் வீட்டுக்கு வருமுன் ஓபர்ன்டார்ஃப் ஊரைக் காட்டாமல் விடமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில், இட்லியும் மிளகாய்ப் பொடியும் டப்பாவில் கட்டிக்கொண்டு, குழந்தையை ஒரு சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் ரயில் ஏறினோம்.

ஸ்டுட்கார்டிலிருந்து தெற்கே போகிற பாதை அது. ஹார்ப் என்ற ஊர் வரையில் வயலும் தோப்புமாகப் போகிறது. அதன்பின் நெக்கர் நதி கூடவே வந்து சேர்ந்துகொள்கிறது. நதி என்றால் நம் காவிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நெக்கர் சின்னப் பெண். மலைகளுக்கு நடுவே ஒடுங்கி, வளைந்து வளைந்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் கருகருவென்று ஊசியிலைக் காடு. பிளாக் பாரஸ்ட் என்கிறார்களே, அதன் விளிம்பு. இப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒரு ரிஷி ஆசிரமம் கட்டியிருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

கட்டியும் இருந்தார்கள்! ஓபர்ன்டார்ஃப் ஊரின் கீழ்ப் பகுதியில் அகஸ்டினியச் சந்நியாசிகளின் மடம் ஒன்று இருந்தது. அதன் கோயில் விதானத்தில் வரைந்த சித்திரங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. நெப்போலியன் காலத்தில் மடங்களையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1811-இல் வூர்ட்டம்பர்க் ராஜா முதலாம் பிரெடரிக், மடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை வைக்க உத்தரவிட்டார். ஜபம் நடந்த இடத்தில் பட்டறை வந்தது. ஓடுகிற நதி யந்திரங்களைச் சுழற்றிற்று.

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு கொல்லருக்குப் பதின்மூன்று குழந்தைகள். அவர்களில் வில்ஹெல்ம், பால் என்ற இருவர்தான் உலகப் பிரசித்தி பெற்ற மவுசர் சகோதரர்கள். அவர்கள் செய்த துப்பாக்கியைப் பிரஷ்ய ராணுவம் 1871-ஆம் வருஷத்து மாடலாக ஏற்றுக்கொண்டது. மூன்று வருஷத்தில், தகப்பனார் கூலி வாங்கிய அதே ராஜாங்கத் தொழிற்சாலையைச் சகோதரர்கள் விலைக்கே வாங்கிவிட்டார்கள். அப்புறம் துருக்கி, ஸ்வீடன் என்று தேசம் தேசமாக ஆர்டர். ஸ்வீடன் தேசத்து அதிகாரிகள் சரக்கைப் பரிசோதிக்க வந்து தங்குவதற்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். 'ஸ்வீடன் வீடு' என்று அதற்குப் பெயர். ஊரின் ஆயுத மியூசியம் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது.

பெரியவர் ஸ்டேஷனிலேயே காத்திருந்தார். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, தோளில் துணிப்பை. எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார் போலச் சாதுவான முகம். எனக்கும் அவருக்கும் நடுவே மாப்பிள்ளைதான் துபாஷி.

மியூசியத்தில் வரிசை வரிசையாக நீளத் துப்பாக்கிகள். அவற்றை வேகமாகக் கடந்துவிட்டோம். எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய், சந்நிதியில் நிற்கிற மாதிரி நின்றார்.

அதுதான் மவுசர் சி-96. அதன் வடிவமே விசித்திரம். சாதாரணமாகக் கைத்துப்பாக்கியில் தோட்டா வைக்கும் கூடு கைப்பிடிக்குள் இருக்கும். இதிலோ விசைக்கு முன்னால் பெட்டி மாதிரி தொங்குகிறது. கைப்பிடி உருண்டையான மரக்கட்டை. இங்கிலீஷ்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'துடைப்பக்கட்டை'! அதைக் கேட்டதும் என் அக்காள் மகள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

இந்தத் துடைப்பக்கட்டையைச் சிந்தித்தவர்கள் முதலாளிகள் அல்ல. தொழிற்சாலையில் வேலை பார்த்த பெடர்லே என்ற மூன்று சகோதரர்கள். 1895-இல் மாதிரி தயாராயிற்று. காப்புரிமை மட்டும் பால் மவுசர் பெயரில்! இது எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான். பிடியின் இரண்டு மரத்துண்டுகளைப் பிணைக்கும் ஒரே ஒரு திருகாணியைத் தவிர, அந்தத் துப்பாக்கி முழுவதிலும் திருகாணியே கிடையாது. ஒவ்வொரு பாகமும் இன்னொன்றில் போய்ப் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். சந்தனப் பேழைக்குள் ரகசிய அறை செய்வார்களே, அந்தத் தினுசு வேலை. பெரியவர் முப்பது வருஷம் உருக்கில் வேலை செய்த மனிதர். "அம்மா, இதைக் கையால் வரைந்து, கையால் அரம் போட்டுச் செய்திருக்கிறார்கள். எனக்கு இது ஆயுதமாகவே தோன்றுவதில்லை, கடிகாரமாகத்தான் தோன்றுகிறது" என்றார். அந்த ஆசையை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

இந்தக் கடிகாரம் போய் வந்த ஊர்களைப் பாருங்கள். 1896-இல் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற இளம் பட்டாளத்துக்காரர் பம்பாய் ஸஸூன் டாக்கில் படகிலிருந்து இறங்கும்போது, கரையின் இரும்பு வளையத்தைப் பிடித்துத் தொங்கித் தோள்பட்டையைப் பிசகிக்கொண்டார். அந்தத் தோளோடு கத்தி வீச முடியாது. ஆகவே 1898 செப்டம்பரில் ஸூடான் தேசத்து ஆம்டர்மன் சண்டையில் குதிரைப் படையோடு பாய்ந்தபோது, அவர் கையில் இருந்தது புத்தம் புது மவுசர். பம்பாயில் கால் இடறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

"உங்கள் தேசத்தில் இன்னொரு கதையும் உண்டு" என்றார் பெரியவர். எனக்குத் தெரியாத கதை. வெட்கமாகத்தான் இருந்தது. கல்கத்தாவில் ரோடா என்ற வெள்ளைக்காரத் துப்பாக்கி வியாபாரக் கம்பெனி. 1914 ஆகஸ்டு 26-ஆம் தேதி, சுங்கத்திலிருந்து 202 பெட்டிச் சரக்கு எடுத்துவரக் கம்பெனியின் சர்க்கார் ஒருவரை அனுப்பினார்கள். கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. பாக்கிப் பத்துப் பெட்டியும் மாட்டு வண்டியோடு மாயம், சர்க்காரும் மாயம்! அவர் வங்காளப் புரட்சிக்காரர்களின் ஆள். அந்தப் பத்துப் பெட்டியில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, ஒரிஸ்ஸாவில் பாலசோர் அருகே, 'புலி' ஜதீன் என்று பெயர் பெற்ற ஜதீந்திரநாத் முகர்ஜியும் நான்கு வாலிபர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றது இந்த மவுசர்களை வைத்துக்கொண்டுதான். மரப்பெட்டி போல இருக்கிற அதன் உறையையே பின்னால் மாட்டினால், தோளில் வைத்துச் சுடும் சிறு ரைபிள் ஆகிவிடும்.

நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியை இரண்டாம் தடவை பார்த்தேன். இந்தக் குளிர் தேசத்தில் ஒரு தொழிலாளி மெருகேற்றியதை, ஒரிஸ்ஸாவின் வயல் வரப்பில் ஒரு வங்காளிப் பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு செத்திருக்கிறான்.

மியூசியத்தை விட்டு வெளியே வந்து, மேல் ஊருக்கு ஏறும் வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இட்லி டப்பாவைத் திறந்தோம். பெரியவர் மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டு கண்ணில் ஜலம் வர, "மிக நன்றாக இருக்கிறது" என்றார். மரியாதைக்காரர்! அங்கிருந்து கீழே பள்ளத்தாக்கைக் காட்டினார். இரண்டாம் யுத்தத்தின்போது ஆயிரக்கணக்கான அந்நிய தேசத்தாரை இந்தத் தொழிற்சாலையில் கட்டாய வேலை வாங்கியிருக்கிறார்கள். ஆற்றோடு சற்றுக் கீழே ஐஸ்டைக் என்ற இடத்தில் 1941 முதல் ஒரு தண்டனை முகாம் இருந்தது. "நாங்கள் பையன்களாக இருந்தபோது இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். 1945-இல் பிரெஞ்சுப் பட்டாளம் வந்து யந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போயிற்று. வேலையிழந்த இன்ஜினீயர்கள் மூவர் 1949-இல் புதிதாக ஒரு கம்பெனி ஆரம்பித்து, தையல் மிஷினுக்கும் சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்கள் செய்தார்கள். "அப்படியே விட்டிருக்கலாமே!" என்று நான் முந்திரிக்கொட்டை போலச் சொல்லிவிட்டேன். விடவில்லை. அந்தக் கம்பெனிதான் ஹெக்லர் அண்டு காக். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் பலருக்குச் சோறு போடுவது துப்பாக்கிதான்.

பெரியவரின் வீடு பக்கத்து மலைக் கிராமத்தில். வாசலில் ரோஜாச் செடி, உள்ளே மூலையில் கணகணவென்று ஓடும் சுவர்க் கடிகாரம். மனைவி இல்லை, காலமாகி ஆறு வருஷம். அவரே கேக் வாங்கி வைத்திருந்தார். காபி ஆனதும் முதலில் எங்களைப் பெட்டகத்துக்கு அழைத்துப் போகவில்லை. சினிமாவுக்கு அழைத்துப் போனார்! ஓர் அறை முழுவதும் படத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம்: எத்தனையாவது நிமிஷத்தில் என்ன துப்பாக்கி, அது சரியா தப்பா. பரீட்சைத் தாள் திருத்துவது போல மார்க் போட்டிருந்தார்.

எனக்கு ஜெய்சங்கர் படம் பார்த்து வளர்ந்த ஞானம்தான். 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று அவரைக் கொண்டாடிய காலத்தில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தவள். அசல் ஜேம்ஸ்பாண்டின் கதையைப் பெரியவர் சொன்னார். 1962-இல் வந்த 'டாக்டர் நோ'வில், பாண்டின் பழைய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, வால்தர் பி.பி.கே. என்ற புதியதைக் கொடுப்பதாகக் காட்சி. கொடுக்கப்படுவதோ அதன் அண்ணனான வால்தர் பி.பி.! அடுத்த படத்துக்குப் போட்டோ எடுக்க வந்த அன்று, துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். போட்டோக்காரர் தம்மிடமிருந்த காற்றுத் துப்பாக்கியை ஷான் கானரி கையில் கொடுத்துப் படம் பிடித்துவிட்டார். திருவிழாவில் பலூன் சுடுகிற ஜாதி! உலகத்தையே மிரட்டிய அந்தப் படங்களில் பாண்ட் மார்போடு அணைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். 2010-இல் லண்டன் ஏலத்தில் அது 2,77,250 பவுனுக்கு விலை போயிற்று.

இன்னொரு சூட்சுமமும் தெரிந்துகொண்டேன். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி, குண்டு முன்னால் பாயும்போது பின்னால் உதைக்கிற உதையில்தான் அடுத்த தோட்டாவை இழுத்துக்கொள்கிறது. சினிமாவில் வெடிப்பது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. குண்டு இல்லையேல் உதையும் இல்லை. ஆகவே குழலின் வாயை உள்ளே குறுக்கி, வாயு தங்கி அழுத்தும்படி செய்கிறார்கள். அப்படியும் சில மாடல்கள் சண்டித்தனம் செய்யும். 1969-இல் வந்த 'தி ஒயில்டு பன்ச்' படத்தில் அமெரிக்கக் கோல்ட் துப்பாக்கிக்குப் பதிலாக நடித்தது, அதே ஜாடையுள்ள ஸ்பெயின் தேசத்து ஸ்டார். கதாநாயகனுக்கு 'டூப்' போடுவது போலத் துப்பாக்கிக்கும் டூப்! (விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். 2021-இல் அமெரிக்காவில் ஒரு படப்பிடிப்பில் அசல் தோட்டா எப்படியோ கலந்துவிட்டு, காமிராவைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் உயிரே போயிற்று.)

நம் மவுசரும் பெரிய நடிகர்தான். 1968-இல் வந்த 'தி கிரேட் சைலன்ஸ்' என்ற இத்தாலியக் கௌபாய்ப் படம் முழுக்கப் பனி, கதாநாயகன் ஊமை, அவன் கையில் மவுசர். கதை நடப்பது 1899-ஐ ஒட்டி. ஆகவே பெரியவர் முழு மார்க் போட்டிருந்தார். எல்லாவற்றிலும் வேடிக்கை 'ஸ்டார் வார்ஸ்'. 1977-இல் வந்த அந்தப் படத்தை எடுத்தபோது கையில் பணம் குறைவு. ஆகாய லோகத்து ஆயுதங்களைப் புதிதாகச் செய்ய வழியில்லை. லண்டனில் சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் கடையில், பழைய பட்டாளத்துச் சாமான்களைப் பொறுக்கினார்கள். ஹான் சோலோ வைத்திருக்கும் மின்னல் துப்பாக்கி, ஒரு துடைப்பக்கட்டை மவுசரின் மேல் தூரதிருஷ்டிக் குழாயும், ஜெர்மன் விமானத் துப்பாக்கியின் வாய்மூடியும் ஒட்டியது. வெள்ளைக் கவசம் போட்ட ராட்சசப் பட்டாளம் வைத்திருப்பது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங். அதே ஸ்டெர்லிங்கை நம் கான்பூர் தொழிற்சாலை லைசென்ஸ் வாங்கிச் செய்தது. நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்களே, அதுதான்! அந்த மவுசர்களில் ஒன்று 2022-இல் அமெரிக்க ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனதாகப் பின்னால் மாப்பிள்ளை போனில் சொன்னார். அழுத்திச் சொன்னார். என் அக்காள் மகள் பக்கத்தில் இருந்தாள் போலும்.

கடைசியாகப் பெட்டகம். பெரியவரிடம் இருப்பது சிவப்பு அட்டை. சேகரிப்பவர்களுக்கென்று தனி அனுமதி. என்ன விஷயமாகச் சேர்க்கிறோம், அதில் நமக்கு என்ன ஞானம் என்று காட்டினால்தான் கிடைக்குமாம். வின்னெண்டன் பயங்கரத்துக்குப் பிறகு, சர்க்கார் ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து பெட்டகத்தைப் பார்க்கலாம் என்றும் சட்டம் வந்துவிட்டது. "வரட்டும், காபி கொடுப்பேன்" என்றார். தோட்டா ஒன்றுகூட வீட்டில் கிடையாது.

ஒவ்வொன்றாக மெத்தைத் துணியில் எடுத்து வைத்தார். சிவப்பு வர்ணத்தில் பெரிதாக 9 என்று செதுக்கிய மவுசர் ஒன்று. முதல் யுத்தத்தில் 1916-இல் பிரஷ்ய ராணுவம் ஒன்றரை லட்சம் மவுசர் கேட்டபோது, தோட்டா அளவை மாற்றினார்கள். சிப்பாய் தவறிப் பழைய தோட்டாவைப் போட்டுவிடக் கூடாதே என்று அந்த அடையாளம். பிறகு பெல்ஜியத்துப் பிரௌனிங் ஒன்று. 1911-இல் மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்துப் பிரௌனிங்தான் என்று நான் சொன்னேன். எனக்கும் ஒரு கதை சொல்லக் கிடைத்ததே என்று சந்தோஷம். பெரியவர் உடனே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்ததை எடுத்து, "இது சிறியது, பெண்கள் கைக்கு அடக்கம்" என்று சிரித்தபடி என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கறுப்பு, நினைத்ததைவிடக் கனம், சில்லிட்டிருந்தது. "இத்தாலிய ராணுவத்தினுடையது. பெரெட்டா, 1934 மாடல்" என்று மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்.

பெயரைக் கேட்டதும் என் அக்காள் மகள் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். வின்னெண்டன் பையன் எடுத்துச் சென்றதும் பெரெட்டாக் கம்பெனியுடையதுதான். வேறு மாடல், ஆனால் அந்தப் பெயர் அவளுக்குப் போதும்.

எனக்கு வேறொன்று நினைவு வந்தது. 1948 ஜனவரி 30. பிர்லா மாளிகைத் தோட்டம். மூன்று குண்டுகள். எங்கள் அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது, அன்று ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று சொல்லுவாள். கோட்சே கையில் இருந்தது பெரெட்டா 1934. எங்கோ இத்தாலியில் ஒரு சிப்பாய்க்காகச் செய்தது, யுத்தத்தில் கை மாறி, கடல் தாண்டி, டில்லிக்கு வந்து சேர்ந்திருந்தது. மிஞ்சிப்போன சரக்கு.

நான் அதை மெதுவாகத் துணிமேல் வைத்துவிட்டு, காரணத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. துணியின் நான்கு முனையையும் மடித்து அதை மூடினார். அன்று அவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளாதது அது ஒன்றுதான்.

புறப்படும்போது அவர் மனக்குறை வெளியே வந்தது. ஒரே மகள், ஹாம்பர்க்கில் இருக்கிறாள். "எனக்கு வேண்டாம் அப்பா" என்று சொல்லிவிட்டாளாம். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினாலும், குழலுக்குள் பூட்டுப் போட்டுச் சுட முடியாதபடி செய்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் விற்க வேண்டும், அல்லது போலீஸில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள். "நாற்பது வருஷம் சேர்த்தேன். ஒரு நாளில் போய்விடும்" என்றார். எனக்கு மூன்று டிரங்குப் பெட்டிகளும் கண்முன் வந்து நின்றன. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் மகளைக் கோபிக்காதீர்கள்" என்று தமிழிலேயே சொன்னேன். மாப்பிள்ளை இதை மொழிபெயர்த்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

திரும்பும் ரயிலில் வெகு நேரம் யாரும் பேசவில்லை. ஹார்ப் தாண்டியதும் மாப்பிள்ளை கேட்டார்: "சித்தி, தீர்ப்பு?"

"நீங்கள் ஆசைப்படுவது தப்பில்லை. அவள் பயப்படுவதும் தப்பில்லை. ஆனால் நான் ஊருக்குப் போய்விடுவேன். அந்த வீட்டில் தினம் தூங்க வேண்டியவள் அவள்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அக்காள் மகள் மிச்சமிருந்த இரண்டு இட்லியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சிவப்பு அட்டைக்கான மனு இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறதாம். அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அதற்குப் பதிலாக மாப்பிள்ளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, படங்களுக்கு மார்க் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றரை மணி நேரப் படம் மூன்று மணி ஓடுகிறது என்று என் அக்காள் மகள் போனில் புலம்புகிறாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான். போன வாரம் டெலிவிஷனில் ஏதோ பழைய யுத்தப் படம். என் பேத்தி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிப்பாய் உறையிலிருந்து எதையோ உருவினான். நான் என்னையும் அறியாமல், "நிறுத்து, நிறுத்து! அது துடைப்பக்கட்டை!" என்று கத்திவிட்டேன்.